20 மிஷினா, 8 மிஷினா? சனிக்கிழமைகளை எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்

கேள்வி இது: வயது 34. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். மச்சானோடு பங்கு சேர்ந்து 20 மிஷினில் ஜாப் ஒர்க் யூனிட் (பிற கம்பெனிகள் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) போட நினைக்கிறார். கையில் 12 லட்சம், மச்சான் பங்கு 8 லட்சம். இப்போது வேலை பார்க்கும் கம்பெனியே "மிஷின் நிற்காத அளவுக்குப் பீஸ் தருகிறோம்" என்கிறது. ஆடிட்டர் ஆபீசில் ஐந்து வருடத்துக்குப் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போட்டிருக்கிறார்கள். ஐந்தாம் வருடம் டர்ன்ஓவர் 2 கோடி. "இதை வைத்து எதிர்காலத்தை எப்படித் திட்டமிடுவது? மானியத் திட்டங்கள் உதவுமா?" என்று கேட்கிறார்.

அந்த ரிப்போர்ட்டை வங்கியில் கொடுங்கள். நீங்கள் அதைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள்.

அது எப்படித் தயாராகிறது என்பது கணக்கு எழுதும் தொழிலில் இருக்கிற எங்களுக்குத் தெரியும். 5 கோடி வரை டர்ன்ஓவர் உள்ள சிறு தொழிலுக்கு, வரப்போகும் ஆண்டு டர்ன்ஓவரில் 20 சதவீதத்தை நடைமுறை மூலதனக் கடனாகக் கொடுக்கலாம் என்பது வங்கிகள் கையாளும் பழைய கணக்கு. அதனால் எவ்வளவு கடன் வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டு, அதற்கு எவ்வளவு டர்ன்ஓவர் காட்ட வேண்டும் என்று பின்னோக்கி வருவார்கள். பிறகு வருடத்துக்கு 15, 20 சதவீதம் ஏற்றிக்கொண்டே போனால் ஐந்தாம் வருடம் அழகாக வந்து நிற்கும். இதில் தப்பொன்றும் இல்லை, வங்கி கேட்கிற படிவம் அது. ஆனால் அந்தத் தாளில் இருப்பது வருடக் கட்டங்கள். யூனிட் மூடப்படுவது ஏதோ ஒரு வாரத்தில். அந்த வாரம் அந்தத் தாளில் எங்கும் தெரியாது.

என்ன வரப்போகிறது என்று கணிக்க முயல்வதிலும் பெரிய பயன் இல்லை. திருப்பூரின் கடந்த 15 வருடத்தையே பாருங்கள். 2011 ஜனவரி கடைசியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகள் மூடப்பட்டன. துணி வராமல் தையல் யூனிட்டுகள் சும்மா நின்றன. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், வாரக்கூலி கொடுக்க நோட்டு இல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. 2020 மார்ச்சில் ஊரடங்கு, ரயில் ஏறிய தொழிலாளிகள் எப்போது திரும்புவார்கள் என்றே தெரியவில்லை. 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி வந்தது. அமெரிக்க ஆர்டரை மட்டும் தைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் வேலை நின்றது. இதில் ஒன்றைக்கூட எந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஆனால் இந்த ஒவ்வொரு தடவையும் மூடிய சிறு யூனிட்டுகளின் கணக்கைப் பார்த்தால், நான் பார்த்த வரை, காரணம் ரொம்பவும் மாறுவதில்லை. வர வேண்டிய பணம் வெளியே நிற்கும், சனிக்கிழமை சம்பளத்துக்குக் கையில் இருக்காது. இல்லாவிட்டால் பங்காளிகளுக்குள் சண்டை, அல்லது ஒருவருக்கு உடம்புக்கு ஏதாவது ஆகி மற்றவருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே உங்கள் திட்டம் இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்: பணம் வராத வாரத்தை எப்படித் தாண்டுவேன்? நான் இல்லாத மாதத்தை யூனிட் எப்படித் தாண்டும்?

முதல் கேள்விக்கு ஒரு வெள்ளைத்தாளும் காலண்டரும் போதும். தொடங்கப்போகும் தேதியிலிருந்து 26 சனிக்கிழமைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே வெளியே போகும் பணம், உள்ளே வரும் பணம், மிச்சம்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம்; உங்கள் எண்களைப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள். 20 மிஷினுக்கு டெய்லர், கைமடி (டெய்லருக்கு உதவியாள்), செக்கிங் எல்லாம் சேர்த்து 30 பேர். சராசரி நாள் கூலி ₹600, வாரம் 6 நாள்: ₹1,08,000. மாதத்துக்கு 4.68 லட்சம். 20 பேரைத் தொட்டால் பிஎஃப் உண்டு, 10 பேரைத் தொட்டாலே இஎஸ்ஐ உண்டு. முதலாளி பங்கு இரண்டும் சேர்ந்து 16 சதவீதத்துக்குச் சற்று மேல், அது ஒரு 76,000. வாடகை 40,000. கரண்ட், நூல், ஊசி, ஆயில், வண்டி வாடகை 50,000. ஆக மாதம் 6.34 லட்சம், வாரத்துக்குக் கிட்டத்தட்ட 1.46 லட்சம்.

இனி உள்ளே வருவது. முதல் லாட் கட்டிங்கிலிருந்து உங்களுக்கு வந்து, தைத்து, செக்கிங் முடிந்து, டெலிவரி போய், பில் போட மூன்று வாரம் ஆகும். புது யூனிட்டில் டெய்லர்கள் கை பழகும் வரை வேகம் இருக்காது. மூன்று வாரம் என்பதே நல்ல கணக்கு. கம்பெனி 30 நாளில் தருகிறேன் என்று சொல்லும். பில் அக்கவுண்ட்ஸுக்குப் போய், கணக்கு சரிபார்த்து, எம்டி கையெழுத்தாகி வர 50, 60 நாள். ஆக முதல் ரூபாய் உங்கள் கணக்கில் விழும்போது 11 சனிக்கிழமை ஓடியிருக்கும். 11 தடவை 1.46 லட்சம்: 16 லட்சம்.

உங்களிடம் இருப்பது 20 லட்சம். பழசும் புதுசுமாகச் சராசரி 60,000 என்று வைத்தால் ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து 20 மிஷினுக்கு 12 லட்சம். கட்டட அட்வான்ஸ் 2 லட்சம். மிச்சம் 6 லட்சம். நான்கு சனிக்கிழமை தாங்கும். ஐந்தாவது சனிக்கிழமை யாரிடமாவது கை நீட்ட வேண்டும். அங்கே ஃபைனான்ஸ்காரரிடம் போனால், அடுத்த இரண்டு வருடம் அவருக்காகத்தான் மிஷின் ஓட்டுவீர்கள்.

இதையே 8 மிஷினில் போட்டுப் பாருங்கள். 12 பேர், வாரக்கூலி ₹43,200, மாதம் 1.87 லட்சம். பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ மட்டும் 6,000. சின்ன இடம், வாடகை 25,000. மற்றவை 22,000. மாதம் 2.40 லட்சம், வாரம் 55,000. 11 வாரத்துக்கு 6.1 லட்சம். மிஷின் 4.8 லட்சம், அட்வான்ஸ் 1.5 லட்சம். எல்லாம் சேர்த்து 12.4 லட்சம். கையில் இன்னும் 7.6 லட்சம் நிற்கும்.

வருமானம் போய்விடுமே என்பீர்கள். அதையும் பாருங்கள். ஒரு மிஷினுக்கு மாதம் 36,000 பில் என்று வைத்தால் 20 மிஷினுக்கு 7.2 லட்சம், செலவு 6.34 போக 86,000. 8 மிஷினுக்கு 2.88 லட்சம், செலவு போக 48,000. இதிலிருந்து தீபாவளி போனஸுக்கு ஒதுக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதற்குக் கீழே கட்டாயம் இல்லாவிட்டாலும் போனஸ் கொடுக்காத யூனிட்டுக்குத் தீபாவளி முடிந்து டெய்லர் திரும்ப மாட்டார் என்பது உங்களுக்கே தெரியும். மாதக் கூலியில் அதே விகிதம் ஒதுக்கினால் 20 மிஷினில் 39,000, 8 மிஷினில் 15,600. இப்போது மிச்சம் 47,000க்கு எதிரே 32,000. மிஷின் இரண்டரை மடங்கு, தலைவலி நான்கு மடங்கு, வித்தியாசம் 15,000. எண்கள் உங்கள் யூனிட்டில் மாறலாம், ஆனால் பெரிதாகப் போட்டால் பெரிதாக நிற்கும் என்ற எண்ணத்தை எழுதிப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

இன்னொன்றும் இந்தக் கணக்கில் தெரிகிறது. இரண்டில் எதுவாக இருந்தாலும் முதல் வருடம் யூனிட் ஒரு ஆளின் சம்பளத்தைத்தான் தாங்கும், இரண்டு குடும்பத்தைத் தாங்காது. மச்சான் இப்போது பார்க்கும் வேலையை விட வேண்டாம்.

அந்தத் தாளில் பலரும் எழுத மறக்கும் வரிகள் சில உண்டு. ஜிஎஸ்டி: பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பையர் (உங்களுக்கு வேலை தரும் கம்பெனி) பணம் கொடுத்தாரா என்று அரசாங்கம் கேட்காது; தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. டிடிஎஸ்: ஜாப் ஒர்க் பில்லில் பங்கு நிறுவனத்துக்கு 2 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், அந்தப் பணம் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து ரீஃபண்ட் வரும்வரை உங்களுடையது இல்லை. டெய்லர் அட்வான்ஸ்: நல்ல கை வேண்டுமென்றால் முன்பணம் கேட்பார்கள், அதில் ஒரு பகுதி திரும்பாது என்றே எழுதுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிறகு ஆள் முழுதாகத் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வடமாநிலத் தொழிலாளிகள் இருந்தால் ஹோலி, சட் பூஜை, அவர்கள் ஊர்த் தேர்தல். அந்த வாரங்களில் வாடகை மட்டும் நிற்காமல் ஓடும்.

அடுத்து டெபிட், அதாவது குறை சொல்லிப் பில்லில் பிடிக்கும் தொகை. நீங்கள் இப்போது கம்பெனிப் பக்கம் இருந்து டெபிட் போடும் ஆள். இனி வாங்கும் ஆள். ஆர்டர் முடிந்து ஷிப்மெண்ட் போன பிறகு, "எல் சைஸ் நேவி 46 பீஸ் ஷார்ட், ஆயில் கறை 30 பீஸ், பீஸ் விலையில் பிடித்தம்" என்று ஒரு தாள் வரும். தைத்த கூலி பீஸுக்கு 12 ரூபாய் இருக்கும், பிடிப்பது முழு ஆடையின் விலை. இதைச் சமாளிக்க ஒரே வழி, கட்டிங் பண்டல் உள்ளே வரும் அன்றே கலர், சைஸ் வாரியாக எண்ணி, அவர்கள் டெலிவரி சலானின் நகலில் "எண்ணிப் பார்த்தது இவ்வளவு" என்று எழுதிக் கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்குவது. பண்டல் சீட்டில் 120 என்று இருக்கும், உள்ளே 117 இருக்கும். அந்த மூன்று பீஸை அன்றைக்கே எழுதாவிட்டால் மூன்று மாதம் கழித்து உங்கள் கணக்கில்தான் எழுதுவார்கள். எதிர்காலத் திட்டம் கேட்டவனுக்குப் பண்டல் எண்ணச் சொல்கிறானே என்று தோன்றலாம். உங்கள் தொழிலில் ஒரு லாட்டின் லாபம் இந்த 117க்கும் 120க்கும் நடுவில்தான் இருக்கிறது.

வர வேண்டிய பணத்துக்குச் சட்டம் என்ன உதவி செய்யும்? உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம், வேலை தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள், எண்ணைப் பில்லில் அச்சடியுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பையர் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதக் கூட்டு வட்டி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அடுத்த வாரம் பீஸ் தரப்போகிறவர் மேல் யாரும் புகார் எழுதுவதில்லை. உறவு முறிந்த பிறகு கடைசி ஆயுதமாகத்தான் அது பயன்படும்.

நிஜமாகவே வேலை செய்வது வேறொரு விதி. 2023 நிதிச் சட்டம் வருமான வரியில் ஒன்றைச் சேர்த்தது: குறு, சிறு நிறுவனத்துக்கு மேற்சொன்ன கெடுவுக்குள் தராமல் மார்ச் 31 அன்றும் பாக்கி வைத்தால், அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகப் பையர் காட்ட முடியாது, வரி கூடும். அதனால் பிப்ரவரியிலிருந்தே பையரின் ஆடிட்டர் "உத்யம் சர்டிபிகேட் வைத்திருப்பவர்கள் லிஸ்ட் கொடுங்கள்" என்று கேட்க ஆரம்பிப்பார். அந்த லிஸ்டில் நீங்கள் இருக்க வேண்டும். மார்ச்சில் பழைய பாக்கி கரைவதற்கு இதுதான் காரணம். ஏப்ரலில் மறுபடி பழைய கதை. ஆகவே மார்ச்சில் வரும் பணத்தைப் பார்த்துவிட்டு ஏப்ரலில் மிஷின் வாங்கக் கிளம்பாதீர்கள்.

பையர் 250 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர் என்றால் டிரெட்ஸ் தளத்தில் (சிறு தொழில்களின் பில்லுக்கு வங்கிகள் முன்பணம் தரும் இணையதளம்) பதிந்திருக்க வேண்டும் என்று மத்திய அரசு சொல்லியிருக்கிறது. அவர் அங்கே உங்கள் பில்லை ஒப்புக்கொண்டால் வங்கி முன்கூட்டியே பணம் தந்துவிடும், வட்டி வெளிச்சந்தையை விட எவ்வளவோ குறைவு. கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான திருப்பூர்க் கம்பெனிகள் அந்த அளவுக்குப் பெரியவை இல்லை.

மானியத் திட்டங்கள் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மாவட்டத் தொழில் மையத்தில் போய் விசாரியுங்கள், தகுதி இருந்தால் விடாதீர்கள். ஆனால் மானியத்தை வரவாக எழுதாதீர்கள். பிஎம்இஜிபியில் (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) மானியம் உங்கள் கைக்கே வராது. மூன்று வருடம் வங்கியில் டெபாசிட்டாக இருந்து பிறகுதான் கடனில் கழியும். சனிக்கிழமைக்கு அது உதவாது.

இனி "மிஷின் நிற்காத அளவுக்குப் பீஸ் தருகிறோம்" என்ற வாக்கு. தருபவர் பொய் சொல்லவில்லை. இன்றைய நிலையில் சொல்கிறார். அவருக்கு ஆர்டர் குறைந்தால் முதலில் தன் சொந்த மிஷினை நிரப்புவார், மிச்சம்தான் வெளியே வரும். அவருக்கு ஆர்டர் அதிகமானால் உங்களை வேறு யாருக்கும் தைக்க விட மாட்டார். இரண்டிலும் உங்கள் பிடி அவர் கையில். எட்டு மிஷின் ஓடும்போதே இரண்டாவது கஸ்டமரைப் பிடியுங்கள், முடிந்தால் வேறு சந்தையில்: ஒருவர் ஏற்றுமதி என்றால் மற்றவர் உள்நாட்டு பனியன், நைட் டிரஸ். உள்நாட்டு வேலையில் பீஸ் ரேட் குறையும், பணமும் இழுக்கும், அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்க வேலை நின்றபோது, மிஷினில் மூன்றில் ஒன்றையாவது உள்நாட்டு வேலைக்கு வைத்திருந்தவர்களுக்கு டெய்லரை அனுப்பாமல் தக்கவைக்க வழி இருந்தது. டெய்லர் ஒருமுறை கலைந்துவிட்டால் ஆர்டர் வந்தபோது மிஷின் இருக்கும், கை இருக்காது.

ஏற்றுமதியில் ஒருவரையே நம்ப வேண்டிவந்தாலும், அவர் எந்த நாட்டுக்கு அனுப்புகிறார் என்று கேளுங்கள். கார்ட்டனில் ஒட்டுகிற லேபிளே சொல்லிவிடும். அந்த நாட்டுச் செய்தி இனி உங்கள் வீட்டுச் செய்தி.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் இல்லாத மாதம். இங்கே மச்சான் விஷயத்தைக் கொஞ்சம் வெளிப்படையாகவே பேச வேண்டும். சொந்தத்துக்குள் பத்திரம் எதற்கு என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பத்திரம் இல்லாவிட்டால் 1932ஆம் ஆண்டின் பங்குத் தொழில் சட்டம் உங்களுக்காகப் பேசும், அது பேசுவது உங்களுக்குப் பிடிக்காது. 12 லட்சமும் 8 லட்சமும் போட்டிருந்தாலும், வேறு பேச்சு இல்லாவிட்டால் லாபமும் நஷ்டமும் சரிபாதி. காலை எட்டு மணி முதல் இரவு ஷிப்ட் முடியும்வரை நீங்கள் மட்டும் நின்றாலும் அதற்குச் சம்பளம் கிடையாது. ஆண்டு குறிப்பிடாத பங்கு என்றால் எவரும் ஒரு நோட்டீஸ் கொடுத்து நிறுவனத்தைக் கலைக்கலாம். நிறுவனம் வாங்கிய கடனுக்கு இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் வசூலிக்கலாம். மச்சானிடம் இல்லையென்றால் உங்கள் வீட்டுப் பத்திரம். பதிவு செய்யாத நிறுவனம் பாக்கி வைத்த பையர் மேல் வழக்கே போட முடியாது. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய ஆகும் செலவு ஒரு மிஷினின் மோட்டார் விலைகூட இருக்காது.

இதைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரியாது. பங்காளி ஒருவர் இறந்தால் நிறுவனம் கலைந்துவிடும் என்பது சட்டத்தின் இயல்பான விதி. "கலையாது, வாரிசைச் சேர்த்துக்கொண்டு தொடரும்" என்று பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் பங்காளிகள் இரண்டே பேர் என்றால் அந்த வாசகம் காப்பாற்றாது. ஒற்றை ஆள் பங்கு நிறுவனமாக இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1960களிலேயே சொல்லிவிட்டது. நடைமுறையில் இதன் பொருள்: கணக்கு முடங்கும், புதிய பான், புதிய ஜிஎஸ்டி எண், பையரிடம் புதிதாக வெண்டர் பதிவு, அதுவரை பில் போட முடியாது. காரியம் முடிவதற்குள் இரண்டு சனிக்கிழமை வந்துவிடும். மூன்றாவதாக ஒருவரை, உங்கள் மனைவியையோ மச்சானின் மனைவியையோ, சிறு பங்கோடு சேர்த்துக்கொண்டு தொடரும் வாசகத்தையும் எழுதினால் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்கிறது. அல்லது எல்எல்பி (பங்காளிகளின் பொறுப்புக்கு வரம்பு உள்ள நிறுவனம்): பங்காளி இறந்தாலும் அது கலையாது, மற்றவர் ஆறு மாதத்துக்குள் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். வருடா வருடம் தாக்கல் வேலை மட்டும் கூடுதல். உங்கள் அளவுக்கு மூன்று பேர் பங்கு நிறுவனமே போதும் என்பது என் கருத்து.

பத்திரத்தில் எழுத வேண்டியது நல்ல நாளைப் பற்றி அல்ல. ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு விலை எப்படி? (மிஷினைப் பழைய மிஷின் வியாபாரி இருவரிடம் விலை கேட்டு, வெளிப்பாக்கியில் 90 நாள் தாண்டியதைப் பாதியாக எடுத்து, என்று நேராகவே எழுதலாம்.) பணத்தை எத்தனை தவணையில் தருவது? இருவரும் கூட முதல் போட வேண்டிய நிலை வந்து ஒருவரால் முடியாவிட்டால் பங்கு எப்படி மாறும்? வேலை பார்க்கிறவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு? இதை நல்லுறவு இருக்கும்போது பேச அரை மணி நேரம் போதும். கெட்டுப்போன பிறகு பேசினால் உங்கள் மனைவியும் அவள் அண்ணனும் பேசாமல் போவார்கள்.

கடனுக்கு வங்கி உங்கள் தனிப்பட்ட ஜாமீன் கேட்கும், கொடுத்துத்தான் ஆக வேண்டும். அப்படியானால் கையெழுத்துப் போடும் வாரமே ஒரு டெர்ம் பாலிசி எடுங்கள், விண்ணப்பத்திலேயே 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் என்று குறிப்பிட்டு எடுங்கள். அப்படி எடுத்த பாலிசித் தொகை மனைவி, பிள்ளைகளுக்குத்தான். கடன் கொடுத்தவர் கை வைக்க முடியாது. பாலிசி எடுத்த பிறகு இதைச் சேர்க்க முடியாது, தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். ஏஜெண்டுகள் தாமாகச் சொல்வது அபூர்வம்.

சாவு வரை போக வேண்டாம், டெங்கு வந்து 20 நாள் படுத்தால்? ஒரு பக்கத் தாள் எழுதி மச்சானிடமும் மனைவியிடமும் கொடுங்கள். எந்தக் கஸ்டமர் எவ்வளவு பாக்கி, அங்கே யாரிடம் பேச வேண்டும். எந்த டெய்லருக்கு எவ்வளவு அட்வான்ஸ் போயிருக்கிறது. எந்த லாட் எந்தத் தேதிக்கு. வங்கிக் கணக்கில் இருவரில் யாரும் கையெழுத்திடலாமா, இருவரும் போட வேண்டுமா. ஜிஎஸ்டி தளத்தின் ஓடிபி யார் போனுக்கு வருகிறது. இதைச் சிரிக்காமல் போய்ப் பாருங்கள், எத்தனையோ யூனிட்டுக்கு அது எப்போதோ வேலையை விட்டுப்போன கணக்கர் போனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தாளை மாதம் ஒருமுறை திருத்துங்கள். டெய்லர்களில் ஒருவரை லைன் பார்க்கப் பழக்குங்கள். கூடுதலாக நாளுக்கு 50 ரூபாய் தந்தாலும் லாபம்.

எப்போது பெரிதாக்குவது என்பதற்கு என் விதி ஒன்றுதான். ஆர்டர் இருக்கிறது என்பது காரணம் இல்லை. ஆர்டர் எப்போதும் இருக்கும், பணம்தான் இருக்காது. 14 மிஷினுக்குப் போக வேண்டுமென்றால், 14 மிஷினின் 11 சனிக்கிழமைச் செலவில் குறைந்தது பாதி தனிக் கணக்கில் கிடக்க வேண்டும், மீதிக்கு வங்கி சிசி லிமிட் (வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன் வரம்பு) எழுத்தில் இருக்க வேண்டும். அது ஒரு வருடத்தில் வரலாம், இரண்டு வருடமும் ஆகலாம். பிஎஃப் வரம்பைத் தாண்டும்போது ஒரேயடியாக 25, 30 பேருக்குத் தாவுங்கள். 20ஐ ஒட்டி நின்றால் செலவு மட்டும் கூடும். 19 பேரைக் கணக்கில் காட்டி மற்றவர்களை மறைக்கும் வழக்கத்தில் இறங்காதீர்கள். பையர் ஆடிட்டில் அது முதலில் பிடிபடும், வேலை போய்விடும்.

நான்காம், ஐந்தாம் வருடம் நேரடி ஆர்டர் எடுத்து முழு ஆடையாகவே செய்யலாமா என்று ஆசை வரும். அது வேறு தொழில் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நூல், நிட்டிங், சாயம், பிரிண்டிங் எல்லாவற்றுக்கும் பணம் முன்னால் போய், ஷிப்மெண்ட் முடிந்து திரும்பி வர நான்கு மாதம் ஆகும். இன்றைக்கு அதற்குத் திட்டம் போட வேண்டியதில்லை.

எப்போது நிறுத்துவது என்பதை இன்றைக்கே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அன்றைக்கு மனசு விடாது. ஒரு கஸ்டமரின் பாக்கி எட்டு வாரக் கூலியைத் தாண்டினால் அவருடைய புது லாட்டை உள்ளே எடுப்பதில்லை. தொடர்ந்து மூன்று மாதம் வரவை வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாவிட்டால் மிஷினைக் குறைப்பது. போட்ட 20 லட்சத்தில் 9 லட்சம் போய்விட்டால் யூனிட்டை மூடி, டெய்லர் பாக்கியைத் தீர்த்து, மிஷினை விற்பது. எண்கள் உங்கள் விருப்பம். இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பங்குப் பத்திரத்தோடு வையுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது. கட்டடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஈபி அட்டையை வாங்கிப் பாருங்கள். இணைப்பு தொழிற்சாலைக் கட்டணத்தில் இருக்கிறதா, கடைக் கட்டணத்திலா? அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட்? எட்டு மிஷின், அயர்ன் டேபிள், லைட், ஃபேன் எல்லாம் கூட்டிப் பார்த்து, 14 மிஷினுக்கும் அது போதுமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். போதாது என்றால் லோடு ஏற்றித் தரும் செலவு யாருடையது என்பதை வாடகை ஒப்பந்தத்தில் எழுதிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.